எட்டினால் ஏறமாட்டார்கள்: குழந்தையின் அறையை அடுக்கும் அறிவியல்

மூன்று அறைகள் கொண்ட வீட்டில் குழந்தைக்கென்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் மூன்றாவது அறைதான். அதுவே வீட்டின் மிகச் சிறிய அறையாகவும் இருக்கும். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச் சட்டங்களின்படி, ஒரு வீட்டின் முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவது அறை 9.3 சதுர மீட்டர் இருக்க வேண்டும். மற்ற அறைகளுக்கு 6.5 சதுர மீட்டர் போதும். அதாவது, ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம்.

இந்தச் சிறிய இடத்துக்குள் கட்டில், துணி அலமாரி, பொம்மைப் பெட்டி, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் வைக்க வேண்டும். சுவருக்கு என்ன நிறம், திரைச்சீலையில் என்ன படம் என்று நாம் நாள்கணக்கில் யோசிக்கிறோம். எந்தப் பொருள் எந்தச் சுவரோரம், எதன் பக்கத்தில் நிற்கப் போகிறது என்பதை மட்டும், பொருளைத் தூக்கி வந்தவர்கள் இறக்கி வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

உண்மையில் குழந்தையின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது அந்த ஐந்து நிமிட முடிவுதான். ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அறையை எப்படி அடுக்குவது என்பதை இந்த வாரம் பார்ப்போம். இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓர் அளவுநாடாவும், இடைநிலைப்பள்ளியில் படித்த கொஞ்சம் இயற்பியலும் போதும்.

முதலில் தரையில் உட்காருங்கள்

உங்கள் குழந்தையின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 86 செ.மீ. உயரமும் 12 கிலோ எடையும் இருக்கும். நான்கு வயதில் 103 செ.மீ. உயரம், 16 கிலோ எடை. குழந்தைக்குக் குழந்தை இது கூடும், குறையும். ஆகவே, உங்கள் வீட்டுக் கணக்கை உங்கள் வீட்டுக் குழந்தையைக் கொண்டே போடுங்கள்.

இப்போது அறையின் நடுவே, தரையில் உட்காருங்கள். உங்கள் கண் இருக்கும் உயரம்தான் ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தையின் கண் உயரம். நாம் சாப்பிடும் மேசையின் விளிம்பு பெரும்பாலும் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். நமக்கு அது இடுப்புக்குக் கீழே. குழந்தைக்கோ கண்ணுக்கு நேரே நிற்கும் கூர்மையான மூலை. நின்று பார்க்கும்போது தெரியாத பலவும் இப்படி உட்கார்ந்தால் தெரியும்: கட்டிலுக்கு அடியில் ஓடும் மின்கம்பி, அலமாரிக் கதவின் துருத்திய கைப்பிடி, தொங்கும் திரைக் கயிறு.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வையுங்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குதான். சிறு குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிடுகையில் பெரியது; கனமானது. ஆகவே, அதன் ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளி, உயரத்தோடு ஒப்பிட நமக்கு இருப்பதைவிடச் சற்று மேலே அமைகிறது. சிறு குழந்தைகள் எட்டிப் பார்க்கும்போது எளிதில் தலைகுப்புற விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். சன்னலைப் பற்றிப் பேசும்போது இந்தப் புள்ளி மீண்டும் வரும்.

அலமாரி ஏன் சாய்கிறது?

பல இழுப்பறைகள் கொண்ட துணி அலமாரியை எடுத்துக்கொள்வோம். மலாயில் 'லாச்சி' என்கிறோமே, அந்த இழுப்பறைகள்தான். மூடியிருக்கும்போது அது மலைபோல் அசையாமல் நிற்கிறது. கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது எங்கே விழப்போகிறது?" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் குழந்தை அதைத் தள்ளுவதில்லை. இழுப்பறைகளைத் திறந்து, அவற்றைப் படிகளாக்கி ஏறுகிறது.

இதைச் சீசா பலகை போல நினைத்துப் பாருங்கள். அலமாரியின் முன்விளிம்பு தரையைத் தொடும் கோடுதான் சீசாவின் நடு அச்சு. அதற்குப் பின்னால் இருக்கும் எடை அலமாரியை நிறுத்திவைக்கிறது. முன்னால் வரும் எடை கவிழ்க்கப் பார்க்கிறது. எடையை மட்டும் பார்த்தால் போதாது. எடையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும். வகுப்பில் திருப்புத்திறன் என்று படித்தது இதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். துணிகளோடு சேர்த்து அலமாரியின் எடை 30 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முன்விளிம்புக்கு 22 செ.மீ. பின்னால் இருக்கிறது. 30-ஐ 22-ஆல் பெருக்கினால் 660. இது அலமாரியை நிறுத்திவைக்கும் பக்கம்.

இப்போது மூன்று இழுப்பறைகளும் திறக்கப்படுகின்றன. துணியோடு ஒவ்வொன்றும் 4 கிலோ. ஒவ்வொன்றும் 30 செ.மீ. முன்னே நகர்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 360. நிறுத்திவைக்கும் 660-இலிருந்து இது கழிந்துபோகிறது. மீதி 300.

இந்த நேரத்தில் 15 கிலோ எடையுள்ள குழந்தை கீழ் இழுப்பறையில் ஏறி நிற்கிறது. அதன் எடை முன்விளிம்புக்கு 25 செ.மீ. முன்னால் விழுகிறது. 15-ஐ 25-ஆல் பெருக்கினால் 375. நிறுத்திவைக்க 300, கவிழ்க்க 375. அலமாரி சாய்ந்துவிடும்.

அதே குழந்தை, ஓர் இழுப்பறை மட்டும் திறந்திருக்கும்போது அதில் நின்றிருந்தால், நிறுத்திவைக்கும் பக்கம் 540 இருந்திருக்கும். அலமாரி நின்றிருக்கும். அலமாரியும் அதே, குழந்தையும் அதே. திறந்திருந்த இழுப்பறைகளின் எண்ணிக்கைதான் வேறு. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது ஏன் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பது இப்போது புரியும்.

இது வெறும் தாள் கணக்கன்று. இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2016 ஜூன் மாதம் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி, துணி அலமாரிகள் ஏறத்தாழ 27 கிலோ வரை எடையுள்ள குழந்தையால் சாயாதவாறு, இழுப்பறைகளைத் திறந்துவைத்தும் சோதிக்கப்பட வேண்டும். ஆனால், நாம் இணையத்தில் வாங்கி வீட்டிலேயே பொருத்தும் எல்லா அலமாரியும் இப்படிச் சோதிக்கப்பட்டது என்று எண்ணிக்கொள்ள முடியாது. சுவரோடு பிணைக்கும் பட்டையோ இரும்புத் தகடோ பெட்டிக்குள் பல நேரம் இருக்கும். அது திருகாணிப் பையோடு சேர்ந்து மேசை லாச்சிக்குள் போய்விடுவதுதான் வழக்கம்.

பட்டையை எங்கே மாட்டுவது?

மேலே கண்ட கணக்கில், கவிழ்க்கும் பக்கம் வென்றது வெறும் 75-ஆல்தான். அலமாரியின் உச்சியில், 90 செ.மீ. உயரத்தில் பட்டையை மாட்டினால், அதைத் தடுக்க எவ்வளவு விசை வேண்டும்? 75-ஐ 90-ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கும் குறைவு! குழந்தை குதித்து, அதன் விசை மூன்று மடங்கானாலும் 9 கிலோ அளவுதான். அதே பட்டையைத் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் மாட்டினால், குதிக்கும் குழந்தைக்கு 41 கிலோ தாங்க வேண்டியிருக்கும். ஆகவே, எப்போதும் உச்சிக்கு அருகில் மாட்டுங்கள்.

செங்கல் சுவராக இருந்தால், சுவருக்கான துளையூசியால் துளையிட்டு, பிளாஸ்டிக் செருகியை உள்ளே இறக்கி, அதில் திருகாணியை முடுக்க வேண்டும். மேற்பூச்சில் மட்டும் நிற்கும் ஆணி, இழுத்தால் பூச்சோடு வந்துவிடும். தட்டினால் உள்ளீடற்ற ஓசை தரும் பலகைத் தடுப்பாக இருந்தால், அதற்கென்று விற்கும் விரியும் செருகி தேவை. அல்லது உள்ளே உள்ள சட்டத்தைத் தேடி அதில் முடுக்க வேண்டும். இருபக்கமும் ஒட்டும் நாடாவை நம்பாதீர்கள். அது பிடித்திருப்பது சுவரையன்று, சுவரின் சாயத்தை.

வாடகை வீடு, சுவரில் துளையிடக் கூடாது என்கிறார்களா? முதலில் வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நான்கு சிறு துளைகளை வீடு காலி செய்யும்போது அடைத்துவிடலாம். மறுத்தால், உயரமான அலமாரியைக் குழந்தை தனியாக இருக்கும் அறையில் வைக்காதீர்கள். தாழ்வான, அகன்ற, இழுப்பறை இல்லாத திறந்த தட்டுகளைப் பயன்படுத்துங்கள்.

பிணைத்த பிறகும் மூன்று பழக்கங்கள் உதவும். கனமான துணிகளும் புத்தகங்களும் கீழ் இழுப்பறையில், இலேசானவை மேலே. அலமாரியின் உச்சியில் பொம்மை, கைப்பேசி, தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்பாடு போன்ற ஆசை காட்டும் எதுவும் இருக்கக்கூடாது. தொலைக்காட்சியையும் அதன் மேல் வைக்கக்கூடாது.

சன்னலோரம் கட்டில் வேண்டாம்

காற்று வரட்டும் என்று கட்டிலைச் சன்னலுக்கு அடியில் போடுவது பலரது வழக்கம். இங்கேதான் ஈர்ப்பு மையம் மீண்டும் வருகிறது.

சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நான்கு வயதுக் குழந்தையின் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 60 செ.மீ. உயரத்தில் இருக்கும். குழந்தை தரையில் நின்று எட்டிப் பார்த்தால், அதன் ஈர்ப்பு மையம் சன்னல் விளிம்புக்குக் கீழேயே இருக்கிறது. உடல் கவிழாது. இப்போது அக்குழந்தையை 45 செ.மீ. உயரமான மெத்தையின் மேல் நிறுத்துங்கள். ஈர்ப்பு மையம் 105 செ.மீ.க்குப் போய்விட்டது. விளிம்பைவிட 15 செ.மீ. மேலே. இனி கொஞ்சம் முன்னே சாய்ந்தாலே எடை வெளியே போகும். இரண்டு வயதுக் குழந்தைக்கும் கணக்கு மாறாது. 50-உடன் 45-ஐக் கூட்டினால் 95.

கட்டில் மட்டுமன்று. பொம்மைப் பெட்டி, நாற்காலி, மடித்து வைத்த மெத்தை, புத்தகத் தட்டு எல்லாமே படிக்கட்டுதான். சன்னலுக்கு அடியில் குழந்தை ஏறக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலி இலேசானது என்றால், அதைக் குழந்தையே இழுத்து வந்து போட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, பொருள்களை நகர்த்தி வைப்பது மட்டும் போதாது. அடுக்குமாடி வீட்டுக்கும் மாடி அறைக்கும் கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும்.

கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. உடல் நுழையும் இடைவெளியில் தலை மாட்டிக்கொள்ளும். நெடுக்குக் கம்பிகள் நல்லவை. குறுக்குக் கம்பிகள் ஏணியாகிவிடும். கொசுவலைச் சட்டம் கொசுவைத் தடுக்கும், குழந்தையைத் தடுக்காது. அதே நேரம், கம்பித் தடுப்பு முழுவதும் மூடிய கூண்டாகவும் ஆகிவிடக் கூடாது. தீ விபத்தின்போது வெளியேற, திறக்கக்கூடிய ஒரு பகுதி வேண்டும். அதன் சாவி குழந்தைக்கு எட்டாமலும், பெரியவர்கள் இருட்டிலும் எடுக்கக்கூடிய ஒரே இடத்திலும் இருக்கட்டும்.

திரைக் கயிறுகளையும் கவனியுங்கள். வளையமாகத் தொங்கும் கயிறு கழுத்தில் சிக்கினால் இறுகும். கயிறில்லாத திரையே சிறந்தது. பழைய திரையாக இருந்தால், கயிற்றைச் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். கட்டிலின் தலைமாட்டுக்கு அருகே எந்தக் கயிறும் வேண்டாம்.

கட்டில்: எவ்வளவு உயரம்?

விழும் உயரம் கூடினால் மோதும் வேகமும் கூடும். 45 செ.மீ. உயரக் கட்டிலிலிருந்து விழும் உடல், தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஒன்றரை மீட்டர் உயரமான மேல்தட்டுக் கட்டிலிலிருந்து என்றால் மணிக்கு 20 கிலோமீட்டர். மோதும் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல்.

அடுத்து, எதன் மேல் விழுகிறது என்பது. வழவழப்பான ஓட்டுத் தரையில் விழும் உடல் அரை செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நுரைப்பாய் இருந்தால் அந்தத் தூரம் 3 செ.மீ. ஆகிறது. நிற்கும் தூரம் ஆறு மடங்கு கூடினால், உடலைத் தாக்கும் விசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. கட்டிலை ஒட்டி ஒரு நுரைப்பாய் போடுவது இவ்வளவு எளிய, மலிவான காப்பு. அதன் ஓரம் தடுக்காதபடி தரையோடு படிந்திருக்க வேண்டும்.

இடம் மிச்சமாகும் என்று ஈரடுக்குக் கட்டில் வாங்குவோர் நம்மிடையே அதிகம். ஆறு வயது நிரம்பாதவரை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்பது அனைத்துலக அளவில் வழங்கும் அறிவுரை. நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உட்கூரை விசிறி. மேற்கூறிய துணைச் சட்டப்படி, படுக்கையறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர். விசிறியின் இறக்கை அதிலிருந்து 30 செ.மீ. கீழே, அதாவது 2.2 மீட்டரில் சுழல்கிறது என்று கொள்வோம். மேல்தட்டு மெத்தை 1.5 மீட்டரில். இடையே உள்ளது 70 செ.மீ. மட்டுமே. ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்து கையை உயர்த்தினாலே விரல் இறக்கையைத் தொடும். எழுந்து நின்றால் தலை. சிறிய அறையில் ஈரடுக்குக் கட்டில் வேண்டுமென்றால், விசிறியைச் சுவருக்கு மாற்றிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மெத்தையைத் தரையிலேயே போடலாமா? விழும் உயரத்தைப் பொறுத்தவரை அதுவே மிகச் சிறந்தது. ஆனால், நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். குழந்தையின் வியர்வை மெத்தை வழியே இறங்கி, குளிர்ந்த ஓட்டுத் தரையில் தங்கிவிடும். சில வாரங்களில் மெத்தையின் அடியில் கரும்பூஞ்சை படரும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். அல்லது, பலகை இடைவெளி கொண்ட தாழ்வான சட்டத்தின் மேல் போடுங்கள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையும் அதே அறையில் இருந்தால், அதற்குத் தடுப்புக் கட்டில் வேண்டும். அதன் கம்பி இடைவெளி 6 செ.மீ. அளவுக்குள் இருக்கட்டும். மெத்தை உறுதியாக, சமதளமாக, இடைவெளி விடாமல் பொருந்தியிருக்க வேண்டும். உள்ளே இலவம்பஞ்சுத் தலையணை, தடித்த போர்வை, பஞ்சுப் பொம்மை எதுவும் வேண்டாம்; முகம் புதைந்தால் நகர்த்திக்கொள்ள அந்த வயதில் முடியாது. சுருள்கம்பியில் தொங்கும் ஏணையில் தூங்கவைப்பவர்கள், குழந்தையின் முகவாய் நெஞ்சில் மடிந்து மூச்சு தடைப்படக்கூடும் என்பதால், தூங்கியதும் எடுத்துச் சமமான மெத்தையில் மல்லாத்திப் படுக்கவையுங்கள்.

எட்டும் பொருளுக்கு யாரும் ஏறுவதில்லை

இதுவரை சொன்னவை எல்லாம் தடுப்புகள். ஆனால், தடுத்துக்கொண்டே இருந்தால் மட்டும் போதுமா? குழந்தை ஏன் ஏறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், அதற்கு வேண்டியது மேலே இருக்கிறது என்பதால்தான்.

இதற்கு விடை நூறாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே அவர் சிறுவர் அளவுக்கே மேசை, நாற்காலிகளைச் செய்யவைத்தார். கற்கும் பொருள்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்ந்த தட்டுகளில் வைத்தார். பிள்ளைகள் தாங்களே எடுத்து, தாங்களே திருப்பி வைத்தார்கள். இன்று நம் வட்டாரப் பாலர் பள்ளிகளில் காணும் குட்டி நாற்காலிகளுக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது. 1939-இல் மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பது தமிழர்களுக்கு உள்ள ஒரு தொடர்பு.

உங்கள் வீட்டுக்கு இதை அப்படியே கொண்டுவரலாம். குழந்தையை நிற்கவைத்து, கையை முன்னே நீட்டச் சொல்லுங்கள். தோள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அன்றாடம் தேவைப்படும் பொம்மை, படப்புத்தகம், வீட்டு உடை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் அந்த உயரத்துக்குக் கீழே இருக்கட்டும். சட்டை மாட்டும் கொக்கியும் அங்கேயே. மற்றவற்றைக் கண்ணுக்கே தெரியாமல் பெரியவர்கள் அறைக்கு மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரிந்து கைக்கு எட்டாத உயரம்தான் ஆபத்தான உயரம்.

எல்லாப் பொம்மைகளையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோதுதான் ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். ஆகவே, பாதிப் பொம்மைகளைக் கட்டி வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். தரையில் இறைந்து கிடப்பதும் பாதியாகும்.

மேசை, நாற்காலிக்கும் அளவு உண்டு. ஐரோப்பியப் பள்ளித் தளவாடத் தரத்தின்படி, 93 முதல் 116 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு இருக்கை 26 செ.மீ., மேசை 46 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எளிய சோதனை இதுதான்: உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கால் தொங்கினால் குழந்தை நெளியும்; நாற்காலி ஆடும். பெரிய நாற்காலிதான் இருக்கிறது என்றால், காலுக்குக் கீழே உறுதியான ஒரு பலகையை வையுங்கள்.

காற்று, ஈரம், வெளிச்சம்

பெரிய அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மழையில் நனையும் சுவரும் காற்றோட்டமற்ற இடுக்கும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவரில் நிறுத்திப் பிணைப்பதே நல்லது. படுக்கையில் வாழும் தூசிப் பூச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. தும்மல், இளைப்பு உள்ள குழந்தையின் அறையில் கம்பளமும், பஞ்சுப் பொம்மைக் குவியலும் வேண்டாம்.

மரத்துகள் பலகையில் செய்த புதிய அலமாரியிலிருந்து ஒரு நெடி வரும். அதில் ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவும் இருக்கக்கூடும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வெப்பமும் ஈரமும் கூடினால் அது அதிகமாக வெளியேறும். புதிய அலமாரியின் கதவுகளையும் அறைச் சன்னலையும் சில வாரம் நன்கு திறந்துவைத்துவிட்டு, நெடி அடங்கிய பிறகு குழந்தையை அங்கே படுக்கவையுங்கள்.

எழுதும் மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில், ஏறினாலும் சன்னலை எட்ட முடியாத தூரத்தில் வைக்கலாம். வலக்கையால் எழுதும் குழந்தைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் தாளில் விழாது. குளிர்சாதனக் காற்று நேராகப் படுக்கையில் விழ வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, தானாகவே கீழே இறங்கிவிடும்.

6.5 சதுர மீட்டரில் ஒரு மாதிரி

பெரியவர்களுக்கான ஒற்றைக் கட்டில், இருகதவு அலமாரி, ஒரு மீட்டர் மேசை, புத்தகத் தட்டு என்று வாங்கினால், அவை மட்டுமே ஏறத்தாழ 3.2 சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். அறையில் பாதி போயிற்று. அவற்றுக்குப் பதிலாகச் சிறுவர் கட்டில், தாழ்ந்த இழுப்பறை அலமாரி, குட்டி மேசை, தாழ்ந்த தட்டு என்றால் 2 சதுர மீட்டர் போதும். மீதம் 4.5 சதுர மீட்டர் குழந்தை உருண்டு புரள.

கதவுக்கு எதிர்ச்சுவரில் சன்னல் இருப்பதாகக் கொள்வோம். அந்தச் சன்னல் சுவரைக் காலியாக விடுங்கள். கட்டிலை ஒரு பக்கச் சுவரில், சன்னலைவிட்டு விலக்கி, கதவுப் பக்கமாக இடுங்கள். எதிர்ப்பக்க உட்சுவரில் அலமாரியை நிறுத்திப் பிணையுங்கள். சாய்ந்தாலும் கட்டில் மேல் விழாத இடமாகப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே தாழ்ந்த தட்டு. நடுத்தரை காலி. கட்டிலிலிருந்து கதவு வரை செல்லும் வழியில் இரவில் எதுவும் கிடக்கக்கூடாது. குழந்தை கழிவறைக்கு எழும்போதும், அவசரத்தில் நீங்கள் ஓடி வரும்போதும் அந்த வழிதான் தேவைப்படும்.

இந்த வார இறுதியில் செய்ய

அரை நாள் ஒதுக்குங்கள். முதலில் குழந்தையின் உயரம், தோள் உயரம், எடை ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவதாக, உயரமான பொருள்கள் ஒவ்வொன்றின் இழுப்பறைகளையும் திறந்து, மேலிருந்து முன்னோக்கி மெல்ல இழுத்துப் பாருங்கள். பின்பக்கம் தரையைவிட்டு எழும்பினால் அன்றே பிணையுங்கள். எழும்பாவிட்டாலும் பிணையுங்கள். இந்தச் சோதனையின்போது குழந்தை வேறு அறையில் இருக்கட்டும். மூன்றாவதாக, சன்னலுக்கு அடியில் உள்ளதை நகர்த்துங்கள். கம்பி இடைவெளியை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். நான்காவதாக, அலமாரி உச்சியைக் காலி செய்து, குழந்தை விரும்பும் பொருளைக் கீழே இறக்குங்கள்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டால் முடிந்துவிடாது. ஆறு மாதத்தில் குழந்தை மூன்று, நான்கு செ.மீ. வளர்ந்துவிடும். நேற்று எட்டாத தட்டு இன்று எட்டும்; நேற்று ஏற முடியாத கட்டிலில் இன்று ஏறி நிற்கும். பள்ளி விடுமுறை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போங்கள். குழந்தையின் உயரத்தைச் சுவரில் குறித்து வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், அந்தக் கோடு மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் அறையையும் ஒருமுறை அடுக்கிப் பார்க்க வேண்டிய நாள் அது.